நடு ரோட்டில் நின்ற பிள்ளை

அன்பு மகளே,

உன் கடிதம் வந்து நாலைந்து நாளாகிறது. வாங்கிய இடத்திலேயே நின்று ஒரு தடவை படித்தேன். பிறகு உன் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு வேதப்புத்தகத்துக்கு அடியில் வைத்துவிட்டு, தலைக்கு மேல் வேலை இருப்பவனைப் போலச் சுற்றிக்கொண்டிருந்தேன். அடுத்த திங்கட்கிழமை தவணை தொடங்குகிறது, அஞ்சலையை ஹட்டனில் ரயிலேற்றிவிடுங்கள், நானுஓயாவில் நானே வந்து இறக்கிக்கொள்கிறேன், குளிருக்கு ஒரு சட்டை பின்னி வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். நீ கேட்டது அவ்வளவுதான். அனுப்புகிறோம் என்றோ அனுப்பவில்லை என்றோ ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம். இரண்டில் எதை எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அதனால் இது நீளமான கடிதமாகத்தான் வரும். மிஸ்ஸியம்மா பக்கத்தில் இருக்கும்போது இதைப் பிரிக்காதே. அந்த அம்மாள் நல்லவர்தான். ஆனால் உன் முகத்தைப் பார்த்ததும் என்னவென்று கேட்பார், நீயும் மறைக்கத் தெரியாமல் சொல்லிவிடுவாய்.

ஏப்ரல் மாதம் நாம் போட்ட சண்டை உனக்கு நினைவிருக்கும். நுவரெலியாவில் டென்மார்க் தேசத்து அம்மாள் ஒருவர் பள்ளிக்கூடம் நடத்துகிறார், எனக்கு அங்கே வேலை கிடைத்துவிட்டது என்று வந்து நின்றாய். எல்லா நாட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள், ஒரே கூடத்தில் தூங்குகிறார்கள் என்றாய். துரைமார் பிள்ளைகள், கொழும்புப் பார்சி வியாபாரியின் பையன்கள், சிங்கள வக்கீலின் மகன், ஒரு ஜெர்மன்காரரின் மகள், பறங்கி டாக்டரின் இரட்டைப் பிள்ளைகள் என்று விரல் மடக்கிச் சொன்னாய். தோட்டத்தில் கூலிச் சனம் குடியிருக்கிற லயத்துப் பிள்ளை மட்டும் ஒன்றுகூட இல்லை, ஒருத்தியைக் கூட்டி வா, பள்ளிச் சம்பளம் கட்ட வேண்டாம் என்று மிஸ்ஸியம்மா சொன்னதாகவும் சொன்னாய். நான் சும்மா இருந்திருக்கலாம். எல்லா ஜாதியிலும் ஒவ்வொன்று சேர்க்கிறார்களா, அது பள்ளிக்கூடமா, கண்காட்சியா என்று கேட்டுவிட்டேன். நீ சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாய். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அன்று எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் நீ என் தகரக் கொட்டகைப் பள்ளிக்கூடத்துக்கு வந்து கடைசிப் பலகையில் உட்கார்ந்தாய். என்னிடம் கேட்டிருந்தால் கணக்கப்பிள்ளையின் மகனைத்தான் சொல்லியிருப்பேன். மக்குத்தான், ஆனால் எங்கே கொண்டுபோய் விட்டாலும் பிழைத்துக்கொள்வான். நீ கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் அஞ்சலையைப் பிடித்துவிட்டாய். உன் கண் தப்பாது, அது எனக்கும் தெரியும். நான் இந்தக் கொட்டகையில் உட்கார்ந்து தலை நரைத்துவிட்டது. கேட்டதற்குப் பதில் சொல்கிற பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன், தானாகக் கேட்கிற பிள்ளை இவள் ஒருத்திதான். "வாத்தியாரே, நம்ம கொழுந்தையெல்லாம் யாரு குடிக்கிறாங்க? அவங்களுக்கு நம்மளத் தெரியுமா?" என்று ஒருநாள் கேட்டாள். நான் பெருக்கல் வாய்ப்பாட்டை இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். அவள் அப்பன் வீரனிடம் நீ போய்க் கேட்டபோது அவன் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தான், என் முகத்தில் ஒன்றும் கிடைக்காமல் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான். மீனாச்சிதான் சரி என்றாள். ஒருதரம்கூட ரயிலேறாத மனுஷி, ஒன்பது வயதுப் பிள்ளையை நுவரெலியாவுக்கு அனுப்பச் சம்மதித்தாள்.

அந்தத் தவணை முழுவதும் உன் கடிதங்கள்தான் எங்கள் வீட்டில் பேச்சு. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு உன் அம்மா கேட்பாள், நான் படிப்பேன். காலையில் பனி காய்ந்திராத புல்லில் வரிசையாக நின்று உடற்பயிற்சி. பத்து மணிக்குப் பால். ஒவ்வொரு பிள்ளைக்கும் தோட்டத்தில் ஒரு பாத்தி, அதில் பார்சிப் பையன் விதைத்த முள்ளங்கி மட்டும் முளைக்கவில்லை என்று அவன் அழுதது. சனிக்கிழமை சமையல் வகுப்பில் அஞ்சலை தட்டிப் போட்ட ரொட்டியை ஜெர்மன் பெண் பைக்குள் ஒளித்து வைத்தது. ஒருநாள் எல்லாரும் ரயிலில் பட்டிப்பொல போய் இறங்கி, அங்கிருந்து மலை உச்சியில் இருக்கிற சமவெளிக்கு நடந்தீர்கள். மற்றப் பிள்ளைகளின் பைகளையெல்லாம் அஞ்சலை வாங்கித் தன் முதுகில் போட்டுக்கொண்டாளாம், கூடை தூக்குகிற வீட்டுப் பிள்ளை அல்லவா. மிஸ்ஸியம்மா நிறுத்தி, இங்கே யார் பாரத்தையும் யாரும் சுமக்க வேண்டியதில்லை என்று அவரவர் பையை அவரவரிடம் கொடுத்தாராம். இதைப் படித்ததும் உன் அம்மா கல் பொறுக்குவதை விட்டுவிட்டு, "நல்லாச் சொன்னாங்க, நல்லாச் சொன்னாங்க" என்றாள்.

இன்னொரு கடிதம் உண்டு. முதல் சில வாரம் வெள்ளைக்காரப் பிள்ளை யார் அறைக்குள் வந்தாலும் அஞ்சலை எழுந்து நின்றுவிடுகிறாள், எப்படிச் சொன்னாலும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். நம் தோட்டத்துத் துரையின் மகள் டோரதியே அவளுக்குச் சிநேகிதியான பிறகும் டோரதி வந்தால் எழுந்து நின்றாளாம். பிறகு ஜூன் மாதக் கடைசியில் ஒரு கடிதம் வந்தது, மேலே தேதிகூடப் போடாமல் முதல் வரியே இப்படி இருந்தது: அப்பா, இன்று அஞ்சலை எழுந்திருக்கவில்லை. நீ எவ்வளவு சந்தோஷத்தில் அதை எழுதியிருப்பாய் என்று எனக்குத் தெரிந்தது. உன் அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் எனக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது. அதை உனக்கு அப்போது எழுதவில்லை, எழுதினால் மறுபடி கண்காட்சிச் சண்டைதான் வரும் என்று விட்டுவிட்டேன்.

தவணைக் கடைசி நாள் விழாவுக்கு நானும் உன் அம்மாவும் வந்தோம். கொழுந்து நெருக்குகிற நேரம், ஒருநாள் நின்றாலும் பேர் வெட்டிவிடுவார்கள் என்று வீரனும் மீனாச்சியும் வரவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊரைப் பற்றி மேடையில் நின்று பேசியது. அஞ்சலை, தேயிலைச் செடியை ஏன் வெட்டிவிட வேண்டும், வெட்டிய பிறகு அது எப்படித் துளிர்க்கிறது என்று இங்கிலீஷில் சொன்னாள். அப்பன் செய்கிற வேலையைத்தான் சொன்னாள், ஆனால் அதை அப்படி ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. முன் வரிசையில் இருந்த நம் துரை கை தட்டிவிட்டு, எழுந்து போய் அவளுக்குக் கை கொடுத்தார். அவளும் குலுக்கினாள். எத்தனை பேர் அந்தக் கையைத் தொட்டிருப்பார்கள் என்று நினைக்கிறாய்? நானே தொட்டதில்லை. துரை திரும்பி எங்கள் பக்கம் வந்தபோது நான் ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். நீ அதைப் பார்த்தாய், பார்க்காததுபோல் இருந்துவிட்டாய். அதற்கு நன்றி.

பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு லீவுக்கு வந்தாய். ஒரு வாரம்கூட முழுசாக இருக்கவில்லை, ஊருக்குப் போக வழியில்லாத பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறார்கள் என்று திரும்பிவிட்டாய். நீ போன பிறகு நடந்ததைத்தான் இப்போது எழுதப்போகிறேன்.

ஒரு புதன்கிழமை, மழை. மீனாச்சிக்குச் சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு அஞ்சலை மலைக்குப் போயிருக்கிறாள். நீ வாங்கிக் கொடுத்த சின்னக் குடையைப் பிடித்துக்கொண்டு வண்டி போகிற கரத்தை ரோட்டில் நடந்திருக்கிறாள். எதிரே துரை குதிரையில் வருகிறார், பின்னால் பெரிய கங்காணி ஓட்டமும் நடையுமாக வருகிறார். ரோட்டில் இருந்த சனம் அத்தனையும் வழக்கம்போல ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிவிட்டது. குடை வைத்திருந்தவர்கள் மடக்கிவிட்டார்கள், கம்பளியைத் தலையில் போட்டிருந்தவர்கள் எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டார்கள். இந்தப் பிள்ளை நடு ரோட்டில் நின்றாள். குடையும் விரித்தபடி இருந்தது. குட் மார்னிங் என்று சொல்லிவிட்டு, டோரதிக்கு இருமல் எப்படி இருக்கிறது என்று இங்கிலீஷில் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் கை கொடுத்த மனுஷர்தானே, சிநேகிதியின் அப்பாதானே. அவள் புத்திக்கு அதில் தப்பு எங்கே இருக்கிறது? துரை குதிரையை நிறுத்தினார். தேவலை, விசாரித்ததற்கு நன்றி என்றார், தொப்பியை இலேசாகத் தொட்டார், போய்விட்டார். நிஜமாகவே அவ்வளவுதான் நடந்தது. கேட்கிறவர்களுக்கு இது ஒரு நல்ல கதையாகக்கூட இருக்கும்.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், ஆட்களுக்கு வேலை பிரிக்க எல்லாரும் கூடி நிற்கையில், பெரிய கங்காணி வீரனை முன்னால் கூப்பிட்டார். "என்னாடா வீரா, ஒம் மக தொரகிட்ட இங்கிலீசுல நலம் விசாரிச்சாளாமே. நீ எதுக்கு இங்க நிக்கிற? போயி பங்களாவுல ஒக்காந்து தேத்தண்ணி குடி" என்றார். கூட்டம் சிரித்தது. வீரனும் சிரித்திருக்கிறான், வேறு என்ன செய்வான். அன்றைய வேலைக்குப் பேர் போடாமல் அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும். தேயிலை விலை விழுந்து கிடக்கிற காலம், பக்கத்துத் தோட்டத்தில் ஆட்களை வந்த ஊருக்கே கப்பலேற்றி அனுப்புகிறார்கள் என்று தினமும் ஒரு கதை வருகிறது. ஆளை நீக்குகிற பத்துச்சீட்டைக் கொடுத்துவிட்டால் வேலை மட்டுமா போகும், லயத்தில் குடியிருக்கிற காம்பராவும் போய்விடும், பிறகு சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு போக இந்த நாட்டில் அவர்களுக்கு வேறு இடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, லயத்துச் சனமெல்லாம் வாசலில் இருக்கிற நேரமாகப் பார்த்து, வீரன் அஞ்சலையை வெளியே இழுத்து வைத்து அடித்தான். அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை, நீயும் பார்த்திருக்க மாட்டாய். கங்காணி காதுக்குப் போய்ச் சேரட்டும் என்று அடித்த அடி அது. அதனால்தான் சீக்கிரம் நிறுத்தவும் முடியவில்லை. அன்றிலிருந்து அந்தப் பிள்ளை பேசுவதில்லை. தமிழிலும் இல்லை, இங்கிலீஷிலும் இல்லை.

இதைப் படித்ததும் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். துரையிடம் போங்கள் அப்பா, அவர் நியாயமானவர், ஒரு வார்த்தை சொன்னால் சரியாகிவிடும் என்பாய். சொன்னால் அவர் கங்காணியைக் கூப்பிட்டுக் கண்டிப்பார்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு எந்த மலையில், எந்தச் சரிவில், அட்டை மொய்க்கிற எந்த மூலையில் வேலை கிடைக்கும் என்பதைத் துரை பார்த்துக்கொண்டிருப்பாரா? அவர் ஆறு மாத லீவில் சீமைக்குப் போவார், கங்காணி இங்கேயேதான் இருப்பார். நான் கங்காணி வீட்டுக்குத்தான் போனேன்.

அவர் என்னை மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். "வாங்க வாத்தியாரே. எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். நா அந்தப் புள்ளய வெறுக்கலீங்க. ஆனா அன்னைக்கு கானுல நின்ன சனம் யாரு மூஞ்சியப் பாத்திச்சு தெரியுமா? தொர மூஞ்சிய எவனும் பாக்கல. எல்லாம் எம் மூஞ்சியத்தான் பாத்தாங்க. நாளைக்கு இன்னொருத்தன் கொடைய மடக்க மாட்டான். அப்பறம் நா பேரு கூப்பிட்டா எவன் வருவான்? ஆளக் கொறைக்கணும்னு பேச்சு வந்தா, யார அனுப்பலாம்னு தொர எங்கிட்டத்தான் கேப்பாரு. ஒண்ணு, அந்தப் புள்ள கூடையத் தூக்கிக்கிட்டு மலைக்கு வரட்டும். இல்ல, எங் கண்ணுல படாம எங்கயாச்சும் இருக்கட்டும். ரெண்டுல ஒண்ணு நடந்தா வீரனுக்கு மறுநாளே பேரு உண்டு" என்றார். எனக்குக் கெட்ட கோபம் வந்தது. ஆனால் அவர் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, வாரேங்க என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

உனக்கு ஏழு வயதிருக்கும். நோர்வூட் கடைத்தெருவுக்கு என்னோடு நடந்து வந்தாய், நல்ல மழை. துரையின் கார் வந்தது, அப்போது வேறு துரை. நான் உன்னையும் இழுத்துக்கொண்டு கானுக்குள் இறங்கிக் குடையை மடக்கினேன். கார் ஆடி அசைந்து போகிற வரைக்கும் இரண்டு பேரும் நனைந்துகொண்டு நின்றோம். "அப்பா, நம்மகிட்ட கொட இருக்குல்ல?" என்று கேட்டாய். "இருக்குமா. கொஞ்ச நேரம் இல்லன்னு வச்சுக்க" என்று சொன்னேன். நீ அதற்கு மேல் கேட்கவில்லை, அடுத்த தடவை நான் இழுப்பதற்கு முன்னாலேயே இறங்கிவிட்டாய். அதற்காக நான் வெட்கப்படுகிறேன் என்று நீ எதிர்பார்த்தால் ஏமாந்துபோவாய். அப்படி இறங்கி இறங்கித்தான் இந்த வேலையைக் காப்பாற்றினேன், இந்த வேலையை வைத்துத்தான் உன்னைக் கண்டிக்கு அனுப்பி ஆசிரியையாக்கினேன். இடம் தெரிந்து நடக்க உனக்குக் கற்றுக்கொடுத்தேன். நீ இன்று மிஸ்ஸியம்மாவோடு சரிசமமாக உட்கார்ந்து சாப்பிடுகிறாய், இங்கே வந்தால் கானுக்குள்ளும் இறங்குகிறாய். இரண்டும் உனக்கு வரும்.

அஞ்சலைக்கு நீ ஒன்றைத்தான் கற்றுக்கொடுத்தாய். இதுதான் உன்மேல் எனக்குள்ள வருத்தம், மனதில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. பாத்தி கட்டக் கற்றுக்கொடுத்தாய், பாட்டுச் சொல்லிக்கொடுத்தாய், வெள்ளைக்காரப் பிள்ளைக்கு முன்னால் எழுந்திருக்காமல் இருக்கக் கற்றுக்கொடுத்தாய். லீவுக்குக் கூட்டி வருகிற வழியில், ரயிலில் வைத்தாவது, அம்மா, இனி நாம் போகிற இடம் வேறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பிள்ளையைப் படிக்க வைக்கிறவர்கள் அது எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறது என்பதையும் யோசிக்க வேண்டாமா? நீ அவளுக்குச் செய்ததன் விலையை வீரன் கட்டுகிறான். இப்படி எழுதிவிட்டு இன்னொரு தரம் படித்துப் பார்க்கிறேன். ரயிலில் வைத்து நீ அவளிடம் என்ன சொல்லியிருப்பாய்? உன்னிடம் இருக்கிற குடையை இல்லையென்று வைத்துக்கொள் என்றா? அதைச் சொல்வதற்கு நான் போதாதா, நுவரெலியாவில் ஒரு பள்ளிக்கூடம் எதற்கு? உனக்குப் புத்தி சொல்லத்தான் உட்கார்ந்தேன் மகளே. எந்தப் புத்தியைச் சொன்னாலும் அடுத்த வரியில் அது என்னையே பிடித்துக்கொள்கிறது. விளக்கில் எண்ணெய் ஊற்றச் சொல்லி உன் அம்மா கூப்பிடுகிறாள். மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

*

நாளைக்கு என்று எழுதினேன், இரண்டு நாளாகிவிட்டது. நேற்றுப் பின்னேரம், பறித்த கொழுந்தை எடை போட்டு முடிந்த பிறகு, மீனாச்சி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மழை விட்டபாடில்லை. இரண்டு பேரும் கூரைத் தகரத்துக்குக் கீழே, நனையாத இடத்தில்தான் ஒதுங்கி நின்றார்கள். உள்ளே வாங்க என்று சொல்ல நான் வாசலுக்கு வந்தேன். என்னைக் கண்டதும் அஞ்சலை தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, தகரத்துக்கு வெளியே, தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறங்கி நின்றாள். யாரும் சொல்லவில்லை, தானாகவே இறங்கினாள். தலை குனிந்திருந்தது, தகரத்துத் தண்ணீர் அவள் உச்சியில் ஊற்றியது. யார் முன்னால் பார், அவளுக்கு அ, ஆ எழுதிக்கொடுத்த என் முன்னால். என்னைத் தாத்தாவைப் போல நினைத்து, என் சட்டைப் பையில் கடலை இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்க்கிற பிள்ளை அது. ஏறி வாம்மா என்று கூப்பிட்டேன். அவள் அம்மாவைப் பார்த்தாள்.

மீனாச்சிதான் கையைப் பிடித்து மேலே ஏற்றினாள். முந்தானையால் தலையைத் துவட்டிவிட்டாள். "பாத்தீங்களாய்யா" என்றாள். "மூணு நாளா இப்புடித்தான். லயத்துல கணக்கப்புள்ள நடந்தாலும் எறங்குறா, கடக்காரர் வந்தாலும் எறங்குறா. நேத்து அவ அப்பாரு வந்தாரு, அவருக்கும் எறங்கி நின்னா. அவரு அப்புடியே பொத்துன்னு ஒக்காந்துட்டாரு. சோறு திங்கல."

"கங்காணி சொன்னது தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்ங்க. இவ அப்பாரு கூடையொண்ணு வாங்கிக் குடுத்துருவோம்னாரு. பழகிருவா, நாம பழகலியாங்கிறாரு. நா வேணாம்னுட்டேன்."

"அப்ப பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறியா?"

பிள்ளையை உள்ளே போய்ப் பலகையில் உட்காரச் சொன்னாள். அது போய் உட்கார்ந்த பிறகு குரலைத் தணித்துப் பேசினாள். "கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க. ஆனா லீவுக்கு இங்க அனுப்ப வேணாம்னு ஒங்க மககிட்ட எழுதுங்கய்யா. மார்கழிக்கும் வேணாம், சித்திரைக்கும் வேணாம். இங்க வந்தா எறங்கத்தான் கத்துக்குவா. ஒரு மாசம் அங்க நிமிருவா, ஒரு மாசம் இங்க குனிவா. ரெண்டையும் மாத்தி மாத்திப் பழக்குனா புள்ள கிறுக்காயிரும். நடு ரோட்டுல நின்ன புள்ள அங்கனயே நிக்கட்டும்."

எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. "அது எனக்கு எப்புடிங்க தெரியும்" என்றாள். பிறகு, சம்மதத்துக்கு ரேகை வைத்துக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். எண்ணெய் தேய்த்தால் அவளுக்குச் சளி பிடிக்கும், வெந்நீர் வைத்து ஊற்ற வேண்டும், தூக்கத்தில் உதறுவாள், பக்கத்தில் யாராவது படுத்துக்கொண்டால் நல்லது, இதையும் எழுதுங்கள் என்றாள். நான் எழுதிவிட்டேன், பார். அவள் அழவில்லை. நான்தான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தேன். வீரன் ஏன் வரவில்லை என்று கேட்டேன். "அவரு பெட்டிக்குக் கயிறு தேடிக்கிட்டிருக்காரு" என்றாள்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில் இதுதான். அனுப்புகிறோம். திங்கட்கிழமை காலை ரயிலில் நான் கூட வந்து நானுஓயாவில் ஒப்படைக்கிறேன், அவளைத் தனியாக ஏற்றிவிட எனக்கு மனம் வரவில்லை. அவள் உன்னிடம் பேசுகிறாளா என்று முதல் நாளே பார்க்காதே, அவசரப்படுத்தாதே. உன்னைக் கண்டு ஓரமாக ஒதுங்கினால் கோபப்படாதே, அங்கேயே வைத்து அழுதும் விடாதே. டோரதியோடு விளையாட விடு. மறுபடி அவள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிற நாள் வந்தால் எனக்கு எழுது, இந்தத் தடவை நான் பயப்பட மாட்டேன். கங்காணி பேச்சு மாறமாட்டார், செவ்வாய்க்கிழமை வீரனுக்குப் பேர் போட்டுவிடுவார். மேலே உன்மேல் வருத்தம் என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அந்த வரியை அடித்துவிட நினைத்தேன். பிறகு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், பாதியாவது நிஜம்தான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. லீவுக்கு வேண்டாம் என்று மீனாச்சி சொன்னதும், சரிம்மா, என் மகள் பார்த்துக்கொள்வாள் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவள் போன பிறகு பள்ளிக்கூடக் கதவைப் பூட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. நம் வீடும் இதே தோட்டத்தில்தான் இருக்கிறது. நீ வந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும், அவளை விட்டுவிட்டு நீ மட்டும் வந்தால் தூக்கத்தில் உதறுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் யார் படுப்பார்கள்? டிசம்பரில் நீ வர முடியாது. ஏப்ரலிலும் முடியாது. மீனாச்சி தன் மகளைத் தெரிந்து கொடுத்தாள், நான் என் மகளை யோசிக்காமல் கொடுத்துவிட்டேன். உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஹட்டன் கடையில் நீலப் பூப்போட்ட துணி ஒன்று பார்த்து வைத்திருக்கிறாளாம், கிறிஸ்மஸுக்கு நீ வந்ததும் அளவெடுத்துத் தைக்க வேண்டுமாம், போன தடவை இளைத்துப்போயிருந்தாயாம். அடுப்படியில் உட்கார்ந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் இங்கிருந்தே ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

உன் அப்பா